பதுளைக்கு வந்த இருள்நேசன்

பதுளைக் கடைவீதியில் அந்த நாளில் இருள்நேசனை அறியாதவர் ஒருவரும் இல்லை. கண்டியிலிருந்து வாராவாரம் வந்த ஒரு தமிழ்ப் பத்திரிகையில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில் நடக்கும் ‘எட்டாம் நம்பர் லயம்’ என்ற பயங்கரத் தொடர்கதையை எழுதிக்கொண்டிருந்தவர் அவர். பதுளைக்கு ரயில் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. சனிக்கிழமை ரயிலில் பத்திரிகைக் கட்டு இறங்கினால் அரை மணி நேரத்தில் ஒரு பிரதிகூட மிஞ்சாது. பசறைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போகும் பிரதி ஒவ்வொன்றையும் முப்பது நாற்பது பேர் சுற்றி உட்கார்ந்து, எழுத்துத் தெரிந்த ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, பொழுது இறங்கியபின் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகமாட்டோம் என்று பெண்கள் அடம்பிடித்தார்கள்.

ஆளைக் கண்டவர் எவருமில்லை. அதனால் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். ஆறடி உயரம், சிவந்த கண், மயானத்தில் படுக்கை என்றார் ஒருவர். அவருக்கு நிழலே விழாது என்றார் இன்னொருவர். சோறு உண்ண மறுக்கும் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சொன்னாலே போதும், தட்டு காலியாகிவிடும்.

உண்மையில் இருள்நேசன், புகையிலைக் கடை ராமநாதனின் மனைவி வடிவம்மா. முப்பத்திரண்டு வயது, குள்ளமான உருவம், கன்னத்தில் குழி விழும் சிரிப்பு. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழு வருஷம் படித்தவள். மத்தியானச் சமையல் முடிந்ததும் புகையிலை சுற்றி வந்த தாளின் மறுபக்கத்தில் பென்சிலால் எழுதுவாள். பிணம் எழுந்து நடக்கும் இடம் வந்தால் தனியாக உட்கார்ந்து குலுங்கக் குலுங்கச் சிரிப்பாள். ராமநாதன் அதை மையால் நல்ல தாளில் படியெடுத்து, தபால் கந்தோரில் தானே கொண்டுபோய்ச் சேர்ப்பான். அடியில் ‘இருள்நேசன், பதுளை’ என்று மட்டும் இருக்கும்.

“வெளிய தெரிஞ்சா நம்ம கடைப்பக்கம் எவன் வருவான் வடிவு? பொணத்தப் பத்தி எழுதுற பொம்பள கையால கட்டின வெத்தலையப் போடுவானா?” என்று ராமநாதன் பயந்தான். அதனால் பக்கத்து வீட்டு ஸித்தி ஸுபைதாவுக்குக்கூட அவள் சொல்லவில்லை. அது ஒன்றுதான் வடிவம்மாவுக்கு உறுத்தல். ஸுபைதாவைப் போல ரசித்துப் பயப்பட ஒரு மனுஷி அந்த ஊரில் இல்லை.

அந்த ஸுபைதாதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்சுவர்மேல் எட்டிப் பார்த்து மூச்சிரைக்கக் கூப்பிட்டாள்.

“வடிவு! வடிவு! விசயம் தெரியுமா? இருள்நேசன் வந்தீக்கிறாராம்!”

வடிவம்மா கையிலிருந்த மாவைக் கழுவாமலே எழுந்தாள். “யாரு வந்திருக்காரு?”

“இருள்நேசன்! ரயில்ல வந்து எறங்கினாராம். கறுப்புக் கோட்டு, தாடி, கையில வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு. லத்தீப் நாநா தன்ட தேயில ஸ்டோர் மேல்மாடிய அவருக்கு ஒதுக்கிக் குடுத்துட்டாரு. கடைக்காரங்க எல்லாரும் ஆளுக்கொரு நாள் சாப்பாடு. முதல் நாள் யார் ஊட்டுல தெரியுமா? ஒங்கட ஊட்டுல!”

அவள் சொல்லி முடிக்கவில்லை, ராமநாதன் வியர்த்து வழியும் முகத்தோடு கொல்லைப்புறம் வந்து நின்றான். “வடிவு, என்னையப் பேசவே விடல. எல்லாருமாச் சேர்ந்து முடிவு பண்ணிட்டாங்க. ஒரு மணிக்கு வந்துருவாரு.”

வடிவம்மாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, சிரிப்புதான் வந்தது. “நான் சாப்பிட வர்றேன்னா நானே சமைக்க வேண்டியதுதான். உளுந்து இன்னும் கொஞ்சம் ஊறப்போடுங்க” என்றாள்.

ஒரு மணிக்கு இருள்நேசன் வந்தார். தாடி நிஜம். கோட்டு மட்டும் தோளில் தொங்கிக் கை மறையுமளவுக்குப் பெரிது. இலையின் முன் உட்கார்ந்து பதினொரு உளுந்து வடை தின்றார். ஒவ்வொரு வடைக்கும் ஒரு பெருமூச்சு விட்டார். எட்டாம் நம்பர் லயத்துக் கதை எப்படித் தோன்றிற்று என்று ராமநாதன் கேட்டதற்கு, “கதை தோன்றுவதில்லை, ஐயா. அது என்னைத் தேடி வரும்” என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற வடிவம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அப்புறம் அவர் கண்ணை மூடிக்கொண்டு மூன்றாம் அத்தியாயத்தைச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு சொல் பிசகவில்லை. கிழவி தனியாக இருக்கிறாள், மழை பெய்கிறது, விளக்கு அணைகிறது. அந்த இடத்தில் குரலைத் தாழ்த்தி, “விளக்கை ஊதி அணைத்தது காற்று அல்ல, அதற்கு வாய் இருந்தது” என்றார்.

வடிவம்மாவின் சிரிப்பு நின்றுபோயிற்று. முழங்கைவரை மயிர்க்கூச்செறிந்தது. அந்த வரியை அவள் எழுதியது உண்மை. ஆனால் அது பத்திரிகையில் வரவேயில்லை. ஆசிரியர் அதை வெட்டிவிட்டார். வெட்டியதற்காக இரண்டு நாள் அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தது ராமநாதனுக்கு மட்டும் தெரியும். உலகத்தில் எந்தத் தாளிலும் அச்சாகாத வரி, இந்த மனிதனின் வாயிலிருந்து, அவள் நினைத்திருந்த அதே மெல்லிய குரலில் வருகிறது.

அவர் போனபின், “நீங்க சொன்னீங்களா?” என்று கணவனைக் கேட்டாள்.

“சத்தியமா இல்ல. வடிவு, ஒருவேள... நீ எழுத எழுத, அப்படி ஒரு ஆளு உண்டாகிட்டானோ?”

“பதினோரு வடை தின்னுருக்கான். உண்டாகின ஆளுக்கு வயிறு எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்டுவிட்டாளே தவிர, அன்று முழுவதும் கண்ணாடிப் பக்கம் போகாமலே பொட்டு வைத்துக்கொண்டாள்.

முதல் மூன்று நாள் ஊர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. நான்காம் நாளிலிருந்து சேதி வேறு மாதிரி வரத் தொடங்கியது. ஒரு தையற்காரர் கோட்டைச் சரிசெய்யக் கூலி கேட்டாராம். “உம்ம பெயர் என்ன? அடுத்த அத்தியாயத்தில் ஒரு தையற்காரன் சாக வேண்டியிருக்கிறது” என்றாராம் இவர். தையற்காரர் கோட்டைச் சும்மா தைத்துக் கொடுத்ததோடு ஒரு குல்லாயும் கொடுத்தாராம். கோழி கொடுக்காத வீட்டுக்காரர் கதைக்குள் கிணற்றில் விழுவார் என்று சொல்லப்பட்டது. கோழிகள் தேயிலை ஸ்டோர் மாடிக்குத் தாமாகவே நடந்து போவதுபோல் போய்ச் சேர்ந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இராக்கம்மா வந்தாள். பசறை ரோட்டுத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுப்பவள், வடிவம்மாவின் பழைய வாடிக்கை. எப்போதும் வாயாடிக்கொண்டே வருகிறவள், அன்று வெற்றிலையைக் கையில் வாங்கிக்கொண்டு அழுதாள்.

“என்ன இராக்கம்மா, என்னாச்சு?”

“அந்த ஆளு எங்க தோட்டத்துக்கு வந்தாரும்மா. கங்காணி கூட்டியாந்தாரு. எங்க லயத்துக்கும் எட்டாம் நம்பருதானே? என் பேரக் கேட்டாரு, சொன்னேன். ‘அடுத்த வாரம் எட்டாம் நம்பர் லயத்துல இராக்கம்மான்னு ஒருத்தி சாவா’ன்னுட்டாரு. என் கிடாக்குட்டியக் குடுத்தா பேர மாத்துறேன்னாரு. குடுத்துட்டேம்மா. அந்த ஸ்டோருக்குப் பின்னால கட்டிப்போட்டிருக்கு. அது என்னையப் பாத்துக் கத்துது...”

வடிவம்மாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. வடைக்கும் கோட்டுக்கும் வராத கோபம். தன் கதையைக் கேட்டு இராக்கம்மா எத்தனை முறை வெற்றிலைச் சாறு சிந்தச் சிரித்துக்கொண்டே பயந்திருக்கிறாள்! அந்தப் பயம் ஒரு விளையாட்டு. அதை எடுத்து இவன் கத்தியாக்கிவிட்டான். தன் பெயரே ஊருக்குள் நடந்து போய் ஏழையின் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு வருகிறது.

“நீ சாகமாட்ட” என்றாள்.

“ஒங்களுக்கு எப்படித் தெரியும்மா?”

“எனக்குத் தெரியும். போயி மூஞ்சியக் கழுவிட்டு வா, காப்பி தர்றேன்.”

மறுநாள் காலை உட்கார்ந்தாள். மத்தியானம் உலை வைக்க மறந்து எழுதினாள். எட்டாம் நம்பர் லயத்தின் புதிய அத்தியாயத்தில், ரயில் பாதை முடிகிற ஒரு மலை ஊருக்குக் கறுப்புக் கோட்டு மனிதன் ஒருவன் வந்து இறங்குகிறான். ஒரு எழுத்தாளனின் பெயரைத் தன் பெயரென்று சொல்கிறான். வியாபாரி வீட்டில் பதினொரு வடை தின்கிறான். தையற்காரனிடம் குல்லாய் வாங்குகிறான். ஓர் ஏழைப் பெண்ணின் கிடாக்குட்டியைக் கொண்டுவந்து கட்டுகிறான். அவன் படியேறும்போதெல்லாம் அவனுக்குப் பின்னால் இன்னொரு காலடி கேட்கிறது. கடைசி வரியை எழுதி முடித்தபோது அவளுக்குப் பழைய சிரிப்பு திரும்பியிருந்தது: ‘ஞாயிற்றுக்கிழமை, ஜன்னல்கள் அடைத்த கூடத்தில், ஊரார் பார்த்திருக்க, பெயருக்குரியவன் வந்து தன் பெயரைத் திருப்பிக் கேட்பான்.’

ஞாயிற்றுக்கிழமை என்று எழுதியதற்குக் காரணம் இருந்தது. லத்தீப் நாநா கொழும்பிலிருந்து ஒரு பயஸ்கோப் படம் தருவித்திருந்தார். ஒரு எழுத்தாளனையும், அவனைப் போலவே இருக்கும் கெட்டவன் ஒருவனையும் பற்றிய ஐரோப்பாக்காரரின் பயங்கரப் படம். ஊமைப்படம், இடையிடையே வருகிற எழுத்து இங்கிலீஷ். தோட்டத்து ஜனங்கள் வெளிச்சத்திலேயே வீடு திரும்ப வேண்டுமென்று பிற்பகல் மூன்று மணிக்குக் காட்சி வைத்து, ஸ்டோர் ஜன்னல்களுக்கெல்லாம் சாக்கு அடித்திருந்தார். கதையைத் தமிழில் விளக்கிச் சொல்லப்போவது, சாட்சாத் இருள்நேசன்.

சனிக்கிழமை பத்திரிகை வந்தது. ஊரே வாசித்துவிட்டு மேல்மாடியைப் பார்த்துக் கைதட்டியது. “தன்னைப் பத்தித் தானே இப்பிடி எழுத எவ்வளவு தைரியம் வேணும்!” என்றார்கள். கோழி கொடுத்தவர்கள்கூட மன்னித்துவிட்டார்கள். மாடியில் இருந்தவர் மட்டும் அதை வாசித்துவிட்டு வெளுத்துப்போனார். காலை ரயில் எத்தனை மணிக்கு என்று இரண்டு தடவை விசாரித்தாராம். லத்தீப் நாநா விடவில்லை. ரசிகர்கள் தொந்தரவு செய்யாமல் இருக்க வாசலில் இரண்டு பேரை நிறுத்திவைத்திருந்தார்.

மறுநாள் ஸ்டோருக்குள் எள் போட இடமில்லை. தேயிலைப் பெட்டிகளை வரிசையாக அடுக்கி, ஒருபுறம் பெண்கள், மறுபுறம் ஆண்கள். வடிவம்மாவுக்கு ஒரு பக்கம் ஸுபைதா, இன்னொரு பக்கம் இராக்கம்மா. இருவரும் படம் தொடங்கும் முன்பே அவள் கையை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டார்கள்.

வெள்ளைத் துணியில் பனி பெய்யும் ஊர் ஒன்று அசைந்தது. ஜனங்கள் ‘ஆ’ என்றார்கள். திரைக்குப் பக்கத்தில் நின்ற கறுப்புக் கோட்டு, “இவன் ஒரு எழுத்தாளன்...” என்று ஆரம்பித்தது. குரல் முதலில் நன்றாகத்தான் இருந்தது. எழுத்தாளன் கண்ணாடி முன் நிற்கிறான். கண்ணாடிக்குள் இருந்த உருவம் தலையை மெல்லச் சாய்த்துச் சிரிக்கிறது, இவன் சிரிக்கவில்லை. உருவம் காலைத் தூக்கி வெளியே வைக்கிறது. ஸுபைதா “அல்லாஹ்!” என்று வடிவம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்தாள். வெளியே வந்தவன் எழுத்தாளனின் கோட்டை மாட்டிக்கொண்டு, அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு, அவன் நண்பர்கள் வீட்டில் விருந்து சாப்பிடுகிறான்.

கோட்டுக்காரரின் பேச்சு தடுமாறி நின்றது. மெஷினின் கறகறச் சத்தம் மட்டும் கேட்டது.

“சொல்லுங்க சாமி!” என்று ஆண்கள் பக்கத்திலிருந்து குரல்கள் எழுந்தன.

அப்போது வடிவம்மா எழுந்து நின்றாள். குரல் அவள் நினைத்ததைவிடத் தெளிவாக வந்தது.

“விளக்கை ஊதி அணைத்தது காற்று அல்ல,” என்றாள் அந்த இருட்டில். “அதற்கு வாய் இருந்தது.”

கறுப்புக் கோட்டு வீறிட்டது. மெஷின் வெளிச்சத்துக்குக் குறுக்கே அது பாய்ந்தபோது துணி முழுவதும் ஒரு ராட்சத நிழல் கையை விரித்துக்கொண்டு ஓடியது. பின்கதவு படீரென்று திறந்து மூடியது. ஜனங்கள் அதுவும் படத்தில் சேர்ந்ததென்று எண்ணி விசிலடித்தார்கள்.

லத்தீப் நாநா மெஷின் பிடியைச் சுற்றிக்கொண்டே கத்தினார். “யாரும்மா அது? தெரிஞ்சா சொல்லுங்க! நிறுத்தினா படம் எரிஞ்சிரும்!”

வடிவம்மா சொன்னாள். இங்கிலீஷ் எழுத்து அவளுக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை முகங்களைப் பார்த்தே சொன்னாள். “பாருங்க, இந்தப் பாவி இப்ப எங்க போறான்? கட்டிக்கப்போற பொண்ணுகிட்டேயே போறான். அடியே, கையப் பாருடி! அவன் விரல்ல மை கறை இல்ல. எழுதுறவன் கையா அது?” என்றாள். பெண்கள் பக்கம் முழுவதும் “பாருடி! பாருடி!” என்று திரையைப் பார்த்துக் கத்தியது. பயப்பட வேண்டிய இடத்தில் அவள் குரலை இறக்கினாள். நானூறு பேர் மூச்சை நிறுத்தினார்கள். சிரிக்க வேண்டிய இடத்தில் ஒரு சொல் போட்டாள். கூரைத் தகரம் அதிர்ந்தது. நாலு வருஷமாகப் புகையிலைத் தாளோடு பேசிக்கொண்டிருந்தவளுக்கு, ஜனங்கள் இப்படி ஒரே உடம்பாக நடுங்கிச் சிரிப்பதைக் கேட்பது இதுவே முதல் தடவை. கால் தரையில் பாவவில்லை.

கடைசியில் எழுத்தாளன் கைத்துப்பாக்கியை எடுத்துக் கண்ணாடிக்காரனைச் சுட்டான். கண்ணாடிக்காரன் மறைந்தான். ஆனால் குண்டு பட்டு விழுந்தது எழுத்தாளன். பனியில் கிடந்தான். அதோடு படம் முடிந்தது.

கூடத்தில் ஒரு விம்மல். “ஐயோ, நல்லவனும் செத்துட்டானே!” என்று இராக்கம்மா அழுதாள். அந்தக் குரலை வடிவம்மாவால் தாங்க முடியவில்லை.

“லத்தீப் நாநா!” என்று கூப்பிட்டாள். “அத அப்படியே பின்னால சுத்த முடியுமா?”

“பின்னாலயா? சுத்தலாம்...”

“சுத்துங்க!”

நாநா பிடியை மறுபக்கம் சுற்றினார். பனியில் கிடந்தவன் விலுக்கென்று நிமிர்ந்தான். நெஞ்சுக் கறை மறைந்தது. துப்பாக்கிப் புகை சுருண்டு குழாய்க்குள்ளேயே போய்ப் புகுந்துகொண்டது. அவன் பின்னோக்கி நடந்தான், கெட்டவன் விருந்தில் தின்றதையெல்லாம் வாயிலிருந்து எடுத்து எடுத்துத் தட்டில் வைத்தான், கோட்டைக் கழற்றினான், பிருஷ்டம் முதலில் கண்ணாடிக்குள் போய் விழுந்தான். “குடுத்துரு எல்லாத்தையும்! போடா உள்ள!” என்றாள் வடிவம்மா. பதுளை அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டதில்லை. சிரித்துச் சிரித்து இருவர் பெட்டியிலிருந்து கீழே விழுந்தார்கள்.

சாக்குகளை விலக்கியதும் எல்லாத் தலையும் பெண்கள் பக்கம் திரும்பியது. “யாரு பேசினது?” என்று கேட்டார்கள். வடிவம்மா முந்தானையை இழுத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். அப்போது ஆண்கள் வரிசையில் ராமநாதன் எழுந்தான். கடைக்குக் கெட்ட பெயர் வருமென்று நாலு வருஷம் நடுங்கியவன், பெட்டிமேல் ஏறி நின்றான்.

“அது என் வீட்டுக்காரிங்க!” என்றான். “எட்டாம் நம்பர் லயத்த எழுதுறதும் அவதாங்க!”

ஸுபைதா வடிவம்மாவின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். “அடி பாவி! பேயைப் பக்கத்து ஊட்டுல வச்சிக்கிட்டா நான் இவ்வளவு நாளும் வட்டிலப்பம் தந்தேன்!” என்று சொல்லி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

கோட்டுக்காரர் வெகுதூரம் போகவில்லை. ஸ்டோருக்குப் பின்னால் கிடாக்குட்டியின் கயிறு தடுக்கி விழுந்து, குட்டி அவர் தாடியை மெல்லத் தொடங்கியிருக்க, அசையப் பயந்து கிடந்தார். இராக்கம்மா ஓடிப்போய் முதலில் குட்டியைத் தூக்கிக்கொண்டாள். பிறகுதான் மற்றவர்கள் ஆளைத் தூக்கினார்கள்.

“யாருங்க நீங்க?” என்று வடிவம்மா கேட்டாள்.

“சண்முகராஜா,” என்றான் அவன். பெரிய குரல் எங்கேயோ போய்விட்டது. “கண்டில பத்திரிகை அச்சுக்கூடத்துல எழுத்துக் கோத்தவன். ஒங்க கதைய முழுசும் நான்தாம்மா கோத்தேன், எழுத்தெழுத்தா, தலைகீழா. ஆசிரியர் அந்த வரிய வெட்டினப்போ கோத்தத நானே கையால கலைச்சேன். மனசு கேக்கல. போன மாசம் வேலை போயிருச்சு. எழுதினவர ஒரு தடவ பாத்துட்டுப் போகலாம்னுதான் ரயில் ஏறினேன். ஸ்டேஷன்ல ஒருத்தர், ‘நீங்க யாரு’ன்னாரு. வாயில வந்துருச்சு. வந்தப்புறம்... அந்தப் பேரு என்னைய விடல.”

வடிவம்மா அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தான் சிரித்துக்கொண்டே எழுதிய ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தொட்டவன். அந்த வரி வெட்டுப்பட்டதற்கு அவளைத் தவிர வருந்திய ஒரே ஆள். ஆனாலும் அவள் இராக்கம்மாவின் பக்கம் திரும்பினாள். “என்ன செய்யலாம், நீ சொல்லு.”

இராக்கம்மா குட்டியை அவனிடம் நீட்டினாள். “எங்க லயத்துக்கு நாலு மைல். குட்டியத் தோள்ல தூக்கிக்கிட்டு வரட்டும். வந்து எல்லார் முன்னாலயும் நான் நூறு வயசு இருப்பேன்னு சொல்லட்டும்.”

அவன் தூக்கிக்கொண்டு நடந்தான். வழியெல்லாம் குட்டி தாடியைத் தின்றது. தையற்காரருக்குக் குல்லாய் திரும்பிப் போனது. கோழிகளில் உயிரோடிருந்த மூன்றை உரியவர்கள் வந்து அடையாளம் சொல்லிப் பிடித்துப் போனார்கள்.

அந்த வாரம் புகையிலைக் கடையில் என்றுமில்லாத கூட்டம். வெற்றிலையை வடிவம்மாவின் கையாலேயே கட்டித் தரவேண்டுமென்று கேட்டார்கள். லத்தீப் நாநா பண்டாரவளையில் இரண்டாவது காட்சிக்கு இடம் பிடித்துவிட்டு வந்து, “தங்கச்சி வந்தாத்தான் மெஷினையே ஏத்துவேன்” என்று கடை வாசலில் உட்கார்ந்துகொண்டார். சண்முகராஜாவையும் அவரே வேலைக்கு எடுத்துக்கொண்டார். திரைக்குப் பின்னால் நின்று காலடிச் சத்தம் எழுப்பவும், பேய்ச் சிரிப்புச் சிரிக்கவும் அவனைவிடப் பொருத்தமானவன் கிடைக்கமாட்டான்.

சனிக்கிழமை காலை எல்லோரும் ரயில் ஏறினார்கள். ஸுபைதா, தேங்காய்ப்பாலில் குழைய அவித்த வட்டிலப்பம் ஒரு சட்டியைத் துணியில் கட்டி மடியில் வைத்திருந்தாள். ரயிலில் அதுதான் அவளுக்கு முதல் பயணம். தெமோதரைக்கு அருகே ரயில் மலையைச் சுற்றி ஒரு வளையம் போட்டுத் தான் வந்த பாதைக்கே மேலே ஏறியபோது, கீழே தண்டவாளத்தைப் பார்த்துத் திகைத்தாள்.

“வடிவு, இது திரும்பிப் போகுது! ஊட்டுக்கே போகுது!”

“இல்லக்கா, மேல போறோம்.”

குகை வந்தது. பெட்டிக்குள் கும்மிருட்டு. அடுத்த பெட்டியிலிருந்து சண்முகராஜா ஒத்திகை பார்ப்பதுபோல் நீளமாக ஒரு பேய்ச் சிரிப்புச் சிரித்தான். ஸுபைதா வீறிட்டு வடிவம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வடிவம்மா கன்னம் குழிய, வயிறு வலிக்கச் சிரித்தாள். வெளிச்சம் வந்து பார்த்தால் எதிரே உட்கார்ந்திருந்த ராமநாதனின் சட்டையெல்லாம் வட்டிலப்பம்.